பின்வளவில் பெய்த மழை

— ...அந்தப் பொம்பிளையை இண்டைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்.

— ஏன் பியற்றிஸ்? பதினொரு மணிக்கு வாறன் எண்டவ. இப்ப பத்தரை. ட்றெயினுக்கை இருப்பா.

— மழை வரப்போகுது. பாவம், நனைஞ்சு போவா.

— வராது. ஒரு மணிக்குப் பிறகுதான் வரும்.

— போனில பதினொண்டு எண்டு போட்டுக் கிடக்கு.

— போனுக்கு லண்டனில எங்கட சட்டன் எங்கை இருக்கெண்டு தெரியுமோ? நான் பின்வளவில நிண்டு, அண்ணாந்து பாத்துச் சொல்லுறன். காத்து தென்மேற்கு. எப்சம் பக்கம் இன்னும் கறுக்கேல்லை. அங்கை கறுத்து முக்கால் மணித்தியாலத்தாலதான் எங்களுக்கு விழும். எழுதி வைச்சுக்கொள்ளும்.

— போன வருசம் கோயில் பாபிகியூவுக்கும் எழுதி வைக்கத்தான் சொன்னனீங்கள். பாதர் ஒரு கையில குடை, மறு கையில கோழி.

— அது மழையே? தூறல். சைபர் தசம் மூண்டு மில்லிமீற்றர். புத்தகத்தில கிடக்கு, எடுத்துப் பாரும்.

— ...புத்தகத்தையும் பாப்பாவோ?

— ஆர்?

— வாறவ.

— பாக்கத்தானே வாறா! மழைமானி வேலிக்குக் கிட்ட இருக்கோ, வாய் மட்டமா இருக்கோ, புத்தகம் ஒழுங்கா இருக்கோ... எல்லாம் பாத்து, சரியெண்டால், 'மிஸ்டர் கிறிஸ்துநாயகம், சட்டன், பத்து வருச மழை, ஒரு நாளும் விடேல்லை' எண்டு மழை அளக்கிற சங்கத்தின்ர நிரந்தரப் பட்டியலில போடுவினம்.

— பிழையேதும் கண்டால்?

— வெட்டுவினம். ஒரு மாதம் பிழையெண்டால் பத்து வருசமும் சந்தேகம்தானே.

— பத்து வருசமுமோ?

— ஓம். அதுக்கு நீர் ஏன் முழுசுறீர்? என்ர பதிவில பிழை வராது.

— நீங்கள் ஆஸ்பத்திரியில கிடந்த ஒன்பது நாளும் நான்தானே பாத்தனான்...

— அது அச்சொட்டு! நான் போனில கேட்டுக் கேட்டு எழுதினதெல்லோ. நெஞ்சைப் பிளந்து தைச்சு ரெண்டாம் நாள். அங்கால நேர்ஸ் என்னைப் பேசுறா, இஞ்சால நீர் 'ஒண்டு தசம் எட்டு, ஒண்டு தசம் எட்டு' எண்டு கத்துறீர்.

— கத்தாமல்? நீங்கள் மருந்து மயக்கத்தில 'வளைவின்ர அடியைப் பார், மேலைப் பாக்காதை' எண்டு பிரசங்கம். உயிர் திரும்பி வந்ததே பெரிய காரியம், மனுசனுக்கு வளைவு.

— தண்ணி கண்ணாடியில ஏறி நிக்கும். அடியைத்தான் பாக்கவேணும். மே மாதம் வலு சுத்தம். பயப்பிடாதையும்.

— மே இல்லையப்பா...

— பின்னை?

— ஒண்டுமில்லை. ரீ குடிக்கிறியளோ?

— மூண்டாம் தரம் கேக்கிறீர்.

— அப்ப வடை சுடட்டே? அவ உறைப்புத் தின்னுவாவோ?

— பியற்றிஸ், இப்பிடி வந்து இரும்.

— அடுப்பில...

— அடுப்பில ஒண்டுமில்லை. இரும்.

— ...இதுவும் ஒரு கோடையே? ஒரு நாள் முப்பத்திமூண்டு, காத்தாடிக்கு முன்னால கிடக்கிறம். அடுத்த நாள் ஸ்வெற்றரைத் தேடுறம். ஜூலையில ஆலங்கட்டி. உதை ஆரால சரியா அளக்கேலும்?

— என்னால ஏலும்.

— ஜூனைப் பாருங்கோ. நாலு கிழமை ஒரு துளி விழேல்லை...

— ஒரு துளியும் விழேல்லையோ? புத்தகத்தில பதினொரு நாள் மழை கிடக்குதே.

— ...பகலில எண்டு சொன்னனான். இரவில பெய்திருக்கும்.

— ஓமோம். இரவு மழை. இஞ்சால பக்கத்து வீட்டுத் தர்மிகாவின்ர புல்லு காய்ஞ்சு கோப்பி நிறம். அங்கால வெள்ளைக்காரன்ர றோசாவெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிட்டுது. எங்கட வளவில மட்டும் சோவெண்டு பெய்திருக்கு.

— அப்பிடியும் பெய்யும்தானே?

— ஏன் பெய்யாது? லண்டன் மழையை இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டிப் பாத்தவன் நான். முன் கண்ணாடியில கொட்டும், பின்சீற்றில இருக்கிற சனம் கறுப்புக் கண்ணாடியோட இருக்கும்.

— வாறவவுக்கும் இதைச் சொல்லுவியளோ?

— சொல்லுவன்.

— நம்புவாவோ?

— நான் சொல்லி ஆர் நம்பாமல் விட்டது?

— ...நம்பமாட்டா, இஞ்சேருங்கோ. பக்கத்திலயெல்லாம் தோட்டத்துக்குக் குழாய்த்தண்ணி பிடிக்கக்கூடாதெண்டு தடை போட்ட மாதம். அதில பதினொரு நாள் மழையெண்டால் சின்னப்பிள்ளையும் சிரிக்கும்.

— சிரிக்கட்டும். வானம் பெய்தது, நான் அளந்தனான்.

— வானம் பெய்யேல்லை!

— பின்னை?

— நான்தான்... நான்தான் ஊத்தினனான்.

— முழுக்கச் சொல்லும்.

— ஆஸ்பத்திரியால வந்து நீங்கள் கிடந்த கிடை உங்களுக்கு எங்கை தெரியும்? சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனீங்கள். டொக்டர் நடக்கச் சொன்னவர், நடக்கேல்லை. பாதர் வீடு தேடி வந்தார், வாய் திறக்கேல்லை. ஜெரோசன் வால்தம்ஸ்டோவில இருந்து பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு வந்தான். பெத்த மகன் வந்து நிக்கிறான், நீங்கள் அப்பவும் சுவர்.

— ம்.

— ஒரு நாள் காலமை, 'பத்து மணியாச்சு, மழைமானியைப் பாருங்கோவன்' எண்டன். 'மழையில்லை, என்னத்தைப் பாக்கிறது? சைபர் எண்டு நீரே போடும்' எண்டனீங்கள். நீங்கள்! சைபரையும் நேரில போய்த்தான் பாக்கவேணும் எண்டு, கிறிஸ்மஸ் அண்டைக்கும் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பிப் போற மனுசன்! அண்டைக்குத்தான் எனக்குப் பயம் பிடிச்சது. ஆள் போகப்போகுது எண்டு நினைச்சிட்டன்.

— அதுக்கு...

— பொறுங்கோ, இப்ப விட்டால் பிறகு சொல்லமாட்டன். அடுத்த நாள் இருமல் மருந்து மூடியால ரெண்டு மூடி தண்ணி ஊத்திப்போட்டு வந்து, 'மழைமானிக்கை தண்ணி நிக்குதப்பா' எண்டன். 'என்னது?' எண்டு எழும்பினீங்கள். செருப்பைப் போட்டீங்கள். முப்பத்தெட்டு அடி நடந்தீங்கள். நான் குசினியில நிண்டு எண்ணினனான்.

— பிறகு ஒவ்வொரு நாளும் பெய்தது.

— ஒவ்வொரு நாளும் பெய்தால் பிடிச்சிடுவியளெல்லோ! ஒண்டு விட்டு ஒரு நாள். ஒரு நாள் ரெண்டு மூடி, ஒரு நாள் ஒண்டரை. ஞாயிறு மட்டும் ஊத்தேல்லை.

— ஏன், ஞாயிறு மழைக்கு லீவோ?

— பூசை இருக்கெல்லோ. களவுவேலை செய்துபோட்டுப் போய்ப் பாதரிட்டை நன்மை அப்பம் எடுக்கேலுமே?

— பாவசங்கீர்த்தனம் செய்தனீரோ?

— செய்தனான். பாதர் சிரிக்கிறது தட்டிக்கு அங்கால கேட்டது. மூண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னவர்.

— மூண்டுதானோ! பதினொரு நாள் மழைக்கு?

— பகிடியை விடுங்கோ. உங்கட பத்து வருசமும் என்னாலதானே போகப்போகுது. நான் அவவிட்டைச் சொல்லுறன். இந்தாளுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் செய்தனான், வெட்டுறதெண்டால் ஜூனை மட்டும் வெட்டுங்கோ எண்டு...

— ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். புத்தகத்தை எடும்.

— இப்ப ஏன் புத்தகம்?

— எடும் எண்டுறன். மே மாதம் என்னத்தால எழுதிக் கிடக்கு?

— பேனையால.

— ஜூலை?

— அதுவும் பேனை.

— நீர் மழை பெய்விச்ச நாளுகள்?

— ...பென்சில்.

— பென்சிலால எழுதினது உமக்காக. நான் எழுதேக்கை தோளுக்குப் பின்னால வந்து எட்டிப் பாப்பீரெல்லோ. சங்கத்துக்கு அனுப்பினது சைபர். பதினொரு நாளும் சைபர். அனுப்பின தாள் மேசை லாச்சிக்கை கிடக்கு. அதைத்தான் அவவுக்குக் காட்டப்போறன்.

— அப்ப... உங்களுக்குத் தெரியுமோ?

— முதல் தரமே சந்தேகம், அதுதான் பென்சிலை எடுத்தனான். ரெண்டாம் தரம் ஊத்தின அண்டே பிடிச்சிட்டன். எங்கட கேத்திலுக்கை பிடிச்சிருக்கிற சுண்ணாம்பு மாதிரியே, மழை அளக்கிற கண்ணாடியிலயும் ஒரு வெள்ளைக் கோடு. லண்டன் பைப்புத் தண்ணியில சுண்ணாம்பு இருக்கும். மேகத்தில இல்லை, பியற்றிஸ்.

— பொல்லாத மனுசன்! தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் 'முன் கண்ணாடி, பின்சீற்று' எண்டு கதை அளந்தனீங்கள்?

— நீராய்ச் சொல்லுறீரோ எண்டு பாத்தனான். ரெண்டு மாதமாக் காத்துக்கொண்டிருக்கிறன்.

— நான் அங்கை நித்திரையில்லாமல், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிக்கிறன்...

— மெல்லப் பேசும், பெல் அடிக்குது. அவதான். பாத்தீரே, மழையில்லாமல் வந்து சேந்திட்டா. நான் சொன்னனானோ இல்லையோ?

— நில்லுங்கோ. இதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுக் கதவைத் திறவுங்கோ. மழையில்லையெண்டு தெரிஞ்சுகொண்டு ஏன் ஒவ்வொரு தரமும் எழும்பிப் போனனீங்கள்?

— மூண்டாம் தரம் நீர் ஊத்தேக்கை மேல்மாடி யன்னலால பாத்தனான். விடிய அஞ்சரை. நைற்றியோட, வெறுங்காலோட, அந்தச் சின்ன மூடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு போறீர். பாதி வழியில சிந்திப்போச்சு. திரும்பி வந்து, நிரப்பிக்கொண்டு, இன்னொருக்கால் போறீர். நீர் அவ்வளவு பாடுபட்டுப் பெய்விச்ச மழை... அதை அளக்காமல் படுத்துக் கிடக்க என்னால ஏலேல்லை.