வெஸ்லியின் வலது கை

மைதானத்துப் புல்லை நானேதான் வெட்டுவேன். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரியில் பேஸ்பால் பயிற்சியாளன் என்றால் புல்லும் வெட்ட வேண்டும், வெளியூர் ஆட்டத்துக்கு வேனும் ஓட்ட வேண்டும். கான்சஸ் காற்று பாதி மண்ணைப் பக்கத்துக் கோதுமை வயலுக்குக் கொண்டுபோய்விடும். மறுநாள் திரும்பவும் கொட்டி நிரவுவேன். எனக்கு அது அலுத்ததே இல்லை.

நாளை அந்த மைதானத்துக்கு என் பெயரை வைக்கிறார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் என்னைப் பையன்களுக்கு அப்பா மாதிரி என்பார்கள், அதற்குச் சாட்சியாக வெஸ்லியைக் காட்டுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

வெஸ்லியைப் போல வேகமாகப் பந்து வீசுகிறவன் எங்கள் கல்லூரிக்கு வந்ததில்லை. அவன் மூன்றாம் ஆண்டு படித்தபோது என் மனைவி ஜோன் இறந்துபோனாள். நாங்கள் இருவர்தான், குழந்தைகள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வெஸ்லி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்து கூரையோரத் தகர வாய்க்காலில் அடைத்திருந்த சருகுகளை அள்ளிப் போட்டான். சாப்பிடச் சொன்னேன். ஜோனின் நாற்காலியில் உட்கார்ந்தான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

நான் சமைத்ததை ஒரு வாய் மென்றுவிட்டு, "கோச், இது மாட்டுக்கறியா, இல்ல என் பழைய கிளவுஸா?" என்றான்.

நான் சிரித்தேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். மற்ற ஆறு நாளும் நான் ஞாயிற்றுக்காகத்தான் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் ஊரில் கல்லூரிப் படிப்பு நான்கு வருடம்; ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்தாலே தொழில்முறை அணிகள் பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் வலைக்குப் பின்னால் வேகம் அளக்கும் கருவியோடு அந்த அணிகளின் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஜூனில் வெஸ்லி போய்விடுவான் என்பது ஊருக்கே தெரிந்தது. நல்ல பயிற்சியாளன் அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். நானும் படுவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் அவன் என் அறைக்கு வந்தான்.

"கோச், முழங்கை உள்பக்கம் சுருக்குனு இழுக்குது. சொல்ல வேணாம்னுதான் பாத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அம்மாகிட்டகூட இல்ல. உங்ககிட்டதான்."

"நாளைக்கு நீ உக்காந்தா, கை போச்சுன்னு அவனுங்களே முடிவு கட்டிருவானுங்க. வீசு. நான் பாத்துக்கறேன்."

சரி என்றான். அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் அணியில் எந்தப் பந்தை வீசுவது என்று வீசுகிறவன் முடிவு செய்வதில்லை. நான் ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து தொப்பியையோ காதையோ தொடுவேன். அதைப் பார்த்து, மட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் விரலைக் காட்டுவான். மறுத்துத் தலையாட்ட யாருக்கும் அனுமதி இல்லை. அது நான் வைத்த சட்டம். தொப்பியைத் தொட்டால் நேர்ப்பந்து. காதைத் தொட்டால் ஸ்லைடர், மட்டைக்குக் கிட்டே வந்து சட்டென்று விலகும் பந்து. நோவு கண்ட முழங்கைக்கு அது எமன்.

அன்று நான் காதைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் நன்றாக முன்னணியில் இருந்தோம். அவனை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்திருக்கலாம். ஒரு தடவை அவன் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் காதைத் தொட்டேன். கொஞ்சம் நோவு வந்தால் இன்னும் ஒரு வருடம் இருப்பான் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு வருடம்.

அடுத்த பந்து கேட்சரின் தலைக்கு மேலே எங்கேயோ போனது. வெஸ்லி கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டிருந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, "ஸாரி கோச்" என்றான்.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க இருக்கப்போய்தான் எனக்கு உசிரு இருக்கு" என்றாள். அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. பழைய கை திரும்பவில்லை. படிப்பு முடிந்ததும் அவனை எனக்கு உதவிப் பயிற்சியாளனாக வைத்துக்கொண்டேன். இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். ஞாயிறு தவறியதே இல்லை. இப்போது அவனுக்கு முன்தலை வழுக்கை.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனின் முழங்கையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பான். முகம் கொஞ்சம் சுளித்தாலும் அவனை உட்கார வைத்துவிடுவான். இதில் எனக்கும் அவனுக்கும் சண்டையே வந்திருக்கிறது.

"ஆட்டம் போனா போகட்டும் கோச். கை போனா வராது" என்பான். குத்திக்காட்டிச் சொல்கிறவன் இல்லை. அவன் சொல்வது சரிதான்.

இந்த வருடத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். என் இடத்துக்கு அவன் வருவான் என்று இருந்தேன். அவனோ மேற்குக் கடற்கரையில், ஆரிகனில் ஒரு பெரிய கல்லூரியில் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் பந்து வீசிய நாட்களின் அந்தப் பழைய வெளிச்சம். போன வாரம் அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"எல்லாரும் நல்லதாவே சொல்றாங்க. நீங்க வளத்த புள்ளயாமே. கொறன்னு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள்.

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"பையனுங்க கையப் பத்தி அவனுக்கு அக்கறை கிடையாது. வலிக்குதுன்னு சொன்னாலும் வீச வெச்சிருவான்" என்றேன்.

அந்தப் பக்கம் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

இன்று ஞாயிறு. வெஸ்லி வந்து ஜோனின் நாற்காலியை இழுத்தபடியே கேட்டான்.

"ஆரிகன்லேருந்து கூப்பிட்டாங்களா கோச்?"

"இன்னும் இல்லடா. உக்காரு, சாப்பாடு ஆறிரும்."

உட்கார்ந்தான். கத்தியைப் பிடித்துக் கறியை அழுத்தி நறுக்கினால் அவனுக்கு இன்னும் கை வலிக்கும். அதனால் அவன் தட்டில் இருப்பதை நான்தான் நறுக்கிக் கொடுப்பேன். அவ்வளவு தூரத்தில் போய் இருந்தால், இதையெல்லாம் அவனுக்கு யார் செய்வார்கள்?