ஆகட்டுங்க

“அன்பு அனுப்புனதைப் படிச்சுட்டீங்களா, தேஜஸ்ரீ?”

“படிச்சுட்டேனுங்க.”

“சேர்த்துக்கலாங்களா?”

“ஆகட்டுங்க.”

“முதலாளி ஊட்டுப் பிள்ளையே சொல்லியாச்சு, அப்பறம் அப்பீல் ஏதுங்க?”

போனில் நாம் பேசியது இவ்வளவுதான், சரவணக்குமார். சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

நம் பக்கத்தில் ‘ஆகட்டுங்க’ என்றால் சரி என்று மட்டும் பொருளில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம், கொடுக்க மனமில்லாதபோதும் எங்கள் அப்பா அதைத்தான் சொல்வார். காதில் விழுந்தது, பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் சொன்னேன், நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னச் சாயப்பட்டறைகளுக்காகக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதி இலவசமாகத் திறந்து வைத்தீர்கள். யாரும் எடுத்து மெஷினை ஓட்டலாம், திருத்தியும் அனுப்பலாம். வருகிற திருத்தத்தைப் படித்துச் சரி சொல்வது என் வேலை. ஆரம்பத்தில் நாம் இருவர்தான். ஒரு வரிக்காகச் சண்டை போடுவோம், சமாதானமாவோம். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்க ஒன்று வாய் வரை வரும். விழுங்கிக்கொள்வேன். பிறகு பல்லடத்திலிருந்து அன்புசெல்வி வந்து சேர்ந்தாள். அவள் எழுதியதைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரலே வேறாக இருந்தது.

அன்று போனில் நீங்கள் கேட்ட அந்தத் திருத்தத்தில் அவள் ஒரு வரியை வேண்டாததென்று நீக்கியிருந்தாள். சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயர் அறுந்தால் அது பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பாதே என்று மெஷினுக்குச் சொல்லும் வரி அது. அது இல்லாவிட்டால், உள்ளே சாயத் தண்ணீர் கொதிக்கும்போதே ஆறிவிட்டதென்று மூடியின் பூட்டு திறந்துகொள்ளும். படித்ததுமே எனக்குப் புரிந்தது. நீங்களே ஒருநாள் கண்டுபிடித்து அவளைக் கடிந்துகொள்வீர்கள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

ஆனாலும் எங்கள் பட்டறையில் மட்டும் பழைய புரோகிராமையே ஓட விட்டேன். அங்கே மூடி திறப்பவர் நல்லான் அண்ணன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

அன்றிலிருந்தே பயம். நீராவி சீறினால் காதைப் பொத்திக்கொண்டேன். போன் அடித்தால் எடுக்காமல் விட்டேன். காலையில் பேப்பரைப் பிரிக்கவே பயந்தேன். பயந்தேனே தவிர, உங்களைக் கூப்பிடவில்லை.

புதுத் திருத்தத்தை ஓட்டிய பொங்கலூர் பட்டறையில் முனீஸ் மூடியைத் திறந்தபோது திரையில் பூஜ்யம் இருந்ததாம். கொதிக்கிற சாயத் தண்ணீர் அவர் மேல் பாய்ந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி நதியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெற்கத்திப் பெண். “ஆறிட்டுன்னு கம்ப்யூட்டர்தானக்கா சொல்லிச்சு? அவுக அவசரப்படலியே?” என்றாள். இல்லை என்றேன். அவள் கேட்ட ஒரே ஆறுதலை நான்தான் கொடுத்தேன். அன்று சாயங்காலம் முனீஸ் இறந்துபோனார்.

“தப்பு முழுக்க என்னுதுங்க்கா” என்று அன்புசெல்வி என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று போய்விட்டாள். நீங்கள் சாப்பிடுவதை மறந்தீர்கள். தினமும் டிபன் கொண்டுவந்தேன். பாதியாவது சாப்பிட்டீர்கள்.

இப்போது என் எதிரே உட்கார்ந்துகொண்டு, “நீங்க அந்த வரியக் கவனிக்கவே இல்லீங்களா?” என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன். கவனித்தேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சரி சொன்னேன். போலீஸிடமும் இதையே சொல்கிறேன், அதற்குப் பயமில்லை. நீங்கள் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறீர்களே, அந்தச் சத்தம்தான் பயமாக இருக்கிறது.

கொஞ்சம் உட்காருங்கள். ஒளிக்க இனி ஒன்றுமில்லை. நமக்கு நடுவில் இப்போது அன்பும் இல்லை.

என்னைக் கட்டிக்கிறீங்களா?