ஒவ்வோர் அணுவையும் தனியே கேட்ட அக்காவுக்கு

ஆய்வகத்தின் அச்சாணியே! அணுவினும் நுணுகி ஆழ்ந்த அறிவே! பதவியால் தலைவியே, பாசத்தால் எங்கள் அக்காவே, பனிக்கட்டிப் பெட்டி வரத் தாமதமானால் மட்டும் புயலே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

சிறுநீரகப் புற்றுக்கட்டியை மொத்தமாக அரைத்து மொத்தமாகவே படித்துக்கொண்டிருந்த நாளில், "கூட்டத்தோட இரைச்சலைக் கேட்டு என்ன புரியும்? ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேளுங்க" என்றீர்கள். அறுவை அரங்கிலிருந்து வரும் துணுக்கை உயிர் வாடுமுன் நறுக்கி, வலையில் வடித்து, உயிரணு உயிரணுவாய்ப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு துளிக்குள் அடைத்து, அதன் மரபணுக்கள் சொல்வதைப் படித்தீர்கள். கட்டியோடு போராடப் போன நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ன ஆயின என்பதே உங்கள் ஆயுள் கேள்வி. அவை ஓடிப்போகவில்லை, உள்ளேயேதான் இருக்கின்றன, களைத்துப் போய்விட்டன என்று திரையில் காட்டினீர்கள். "அதுங்களுக்கும் லீவே கிடையாதா அக்கா?" என்று கணினிப் பிரிவுத் தம்பி கேட்க, நீங்களும் சிரித்துவிட்டீர்கள். ஏனென்றால் எங்கள் விடுப்புக்கெல்லாம் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்ட நீங்கள், உங்களுக்கென்று விடுப்பு எடுத்ததே இல்லை.

ஒரு நாளாவது எடுத்திருக்கலாம். இங்கே வரும் துணுக்குகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே. யாருடையது என்று கேட்பதில்லை என்பது நீங்களே வகுத்த நெறி. அன்றும் அப்படி ஒன்று வந்தது. கட்டி பெரிதென்றால் அணுக்கள் அதிகம், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். "அக்கா, இன்னைக்கு யோகம்தான், எவ்வளவு பெருசு பாருங்க!" என்றோம். "ஆமாம்ப்பா. ஐஸ் போதுமான்னு பாருங்க" என்றீர்கள். குனிந்த தலை நிமிராமல் மாலைவரை பிரித்தீர்கள்.

அந்தத் துணுக்கு உங்கள் கணவருடையது என்று, அவர் மறைந்த பிறகு, அறுவை மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அரங்கின் வெளியே அவருக்காக யாருமே காத்திருக்கவில்லையாம். ஏன் அக்கா அங்கே போகவில்லை என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "போயிருந்தா வெளிய பெஞ்சில தனியா உக்காந்திருப்பேன். இங்க அவர்கூட இருந்தேன்" என்றீர்கள்.

நேற்று உங்கள் மேசையைக் காலி செய்தோம். இத்தனை ஆண்டும் ஒரே பையில் அடங்கிவிட்டது. "நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன பண்றதுன்னே தெரியல" என்றீர்கள், எங்களிடம் அல்ல, துணுக்குகள் உறைந்திருக்கும் பெட்டியைப் பார்த்து. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் உங்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அருந்தமிழ் மரபுப்படி, நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று இந்த மடலை முடிக்க வேண்டும். எழுதப் போன கை நின்றுவிட்டது, அக்கா. தனியாக நூறாண்டு என்பது வாழ்த்தா, தண்டனையா? ஆகவே ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டோம். உங்கள் வீட்டு அழைப்பு மணி ஓயாமல் ஒலிக்கட்டும் என்றே வாழ்த்துகிறோம். முதலில் அடிக்கப் போவது நாளைக் காலை, நாங்கள். தூங்குவதுபோல் நடிக்காமல் வந்து திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இனி அழைக்காமலே வரப்போகும்
உங்கள் ஆய்வகத்தார்