கதவில் ஒட்டிய சீட்டு

கறுப்பு மையில் எழுதினால் உலரும்வரை ஊதக் கூடாது. அவசரக்காரர்கள் ஊதுவார்கள், எச்சில் பட்டு எழுத்து பூத்துப்போகும். நான் எழுதி முடித்ததும் எழுந்துபோய் ஒரு காபி போட்டுக்கொள்வேன். நீங்கள் கேட்டது கதவைப் பற்றி என்று தெரியும். ஆனால் ஆல்பத்தைச் சொல்லாமல் கதவை மட்டும் சொன்னால் என்னைக் கொடியவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் பொறுங்கள்.

என் பெயர் மெர்வின் தீசன். நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களுக்கு ஊர்ப்பெயர் எழுதி ஓய்வு பெற்றவன். ஓரஸ்ட் ஹ்னாட்யுக், இதே யார்க்டனில் கோதுமைக் கிடங்கை நடத்திக்கொண்டிருந்தவர், மனைவியை இழந்தவர். அஞ்சல்தலைக் கிளப்பில் பழக்கம். அவரிடம் பழைய கனடா அஞ்சல்தலைகள் ஏராளம்; எழுத்துதான் கோழிக் கிறுக்கல். ஒவ்வொரு தலைக்கும் கீழே ஒட்ட வேண்டிய விவரச் சீட்டை, எந்த ஆண்டு, எந்த ஊரில் அச்சானது, ஓரத்துப் பல் எத்தனை என்பதை, நான்தான் எழுதினேன். வியாழக்கிழமை தவறாமல் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். அவர் பெரோகி, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, வதக்குவார். எனக்கு மனைவி மக்கள் கிடையாது. வாரத்தின் மற்ற நாள்களை வியாழனுக்காகத்தான் கழித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவருடைய மகள் லாரிசா கல்கரியிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் அனுப்பினாள்.

"யோவ் மெர்வ், கோவிச்சுக்காத" என்றார் ஓரஸ்ட், வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே. "நடுவருங்க இப்பல்லாம் அச்சடிச்ச சீட்டத்தான் பாக்குறாங்க. உன் எழுத்து கல்லறைக் கல்லு கணக்கா இருக்குதாம். போன கண்காட்சில வெள்ளிப் பதக்கத்தோட நின்னதுக்கு அதான் காரணம்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறது?"

"எல்லாருந்தான். இனிமே வியாழக்கிழம இந்தக் குளுர்ல நீ அலைய வேணாம். நானே தட்டிக்கிறேன்."

கையெழுத்து அழிகிறதே என்று புலம்புகிற ஆள் நானில்லை. என் வீட்டிலும் அச்சு இயந்திரம் இருக்கிறது. வரிக் கணக்கை அதில்தான் அடிக்கிறேன். எனக்கு உறைத்தது வியாழக்கிழமை வர வேண்டாம் என்ற அந்தக் கடைசி வார்த்தைதான். பழைய சீட்டுகளை அவரே பிய்த்தால் பக்கம் கிழியும், நானே உரித்துத் தருகிறேன் என்றேன். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வியாழன் பிழைத்துக்கொண்டது.

எங்கள் சீட்டுகளைப் பசையில் ஒட்டுவதில்லை. தலைக்குப் பின்னால் வைக்கிற அதே மெல்லிய ஒட்டுத்தாள்தான். ஈரம் காட்டினால் அலுங்காமல் கழன்றுவரும், அலுங்காமல் இன்னோர் இடத்தில் உட்காரும். விக்டோரியா ராணியின் சின்னத் தலைகளில் மான்ட்ரியல் அச்சும் ஒட்டாவா அச்சும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உரிக்கிற சாக்கில் அவற்றின் சீட்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தேன். அவ்வளவுதான். ஒரு தவறான சொல்லைக்கூட நான் எழுதியதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு ஏறிவிட்ட தலையை மறுபடி யாரும் அளப்பதில்லை. எடுத்து எடுத்து வைத்தால் முதுகுத்தாள் மெலிந்துவிடும். அதனால் கிளப்பில் ஓரஸ்ட் பக்கத்தைத் திறந்து "இது மான்ட்ரியல்" என்று சொல்ல, பார்த்தவர்கள் சீட்டில் ஒட்டாவா என்றிருந்ததைப் பார்த்துச் சிரித்தபோது, அவர் இடுக்கியை எடுக்கவில்லை. தன் தலையைத்தான் சொறிந்துகொண்டார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடங்களில் நான் ஒரு பிழைகூட விட்டதில்லையே.

அடுத்த வாரம் வேறு இரண்டு. அதற்கடுத்த வாரம் வேறு.

"மெர்வ், எனக்கு என்னமோ ஆகுது" என்றார் ஒருநாள். வதக்கிய பெரோகி தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தது. "நானே வாங்கினது, நானே அளந்தது, எனக்கே மறந்துபோவுது. எங்கம்மா கடைசில இப்பிடித்தான் ஆனா."

"வயசாகுதுல்ல" என்றேன்.

"அந்த மெசினத் தூக்கி ஓரமா வையி. நீயே எழுது. நீ இல்லன்னா நான் என்னய்யா பண்ணுவேன்?"

அன்று நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் தேறிவிடுவார், தேறினால் இயந்திரம் மேசைக்கு வந்துவிடும். ஆகவே நிறுத்தவில்லை. பிறகு நான் தொடாத விஷயங்களிலும் அவர் தடுமாற ஆரம்பித்தார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுவார். அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

பனி உறைந்த நேரத்தில் லாரிசா வந்தாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ஓரஸ்ட் அதை நம்பவில்லை. வீடெங்கும் சீட்டு எழுதி ஒட்டும்படி லாரிசா என்னிடம் கேட்டாள்.

"அங்கிள், உங்க எழுத்துன்னா அப்பா கண்ண மூடிக்கிட்டு நம்புவாரு" என்றாள்.

அலமாரி, இழுப்பறை, கதவு எல்லாவற்றுக்கும் எழுதி, ஆல்பத்துக்கு வைக்கிற அதே ஒட்டுத்தாளால் ஒட்டினேன். நடையில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளைக் கதவுகள். ஒன்றில் குளியலறை, மற்றதில் நிலவறை. என் எழுத்து அதைவிட அழகாக எப்போதும் அமைந்ததில்லை. பிறகு லாரிசா காபியை ஊற்றிக்கொண்டே, பனி உருகியதும் அப்பாவைக் கல்கரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். ஆல்பங்களும் கூடவே போகும் என்றாள். சாமான் கட்ட மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு கால் முறிவு போதும், அவரால் பயணம் செய்ய முடியாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக நினைக்கிறேன். நிலவறைப் படிகள் செங்குத்தானவை, கதவைத் திறந்ததுமே இறங்குபவை. கீழே சிமென்ட் தரை. அதன்மேல் தடித்த கம்பளம் ஒன்று கிடந்தது. ஈரமாக இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும் என்று முந்தின வாரம் அதைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தது நான்தான். பல்பைக் கழற்றியதும் நான்தான்.

வியாழன் பிற்பகல், அவர் மாவு பிசைந்துகொண்டிருக்கையில், இரண்டு சீட்டுகளையும் இடம் மாற்றினேன். கை கழுவ நடைக்குப் போனவர் கதவுமுன் நின்றுவிட்டார். அந்த வீட்டிலேயே மகளைப் பெற்று வளர்த்தவர்.

"மெர்வ், இது கீழ போற கதவுல்ல?"

"சீட்டுல என்ன போட்டிருக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் படித்தார். "குளியலறைன்னு போட்டிருக்கு" என்றார். பிறகு சிரித்தார், தன்னைப் பார்த்துத்தான். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. மாவுக் கையோடு கதவைத் திறந்து, எப்போதும் குளியலறைக்குள் நுழைவதைப் போலவே காலை எடுத்து வைத்தார். சத்தம் அடங்கிய பிறகு சீட்டுகளை மறுபடி பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதற்குள் உயிர் போயிருந்தது.

லாரிசா கண்டுபிடித்தது எனக்கு வியப்பில்லை. அஞ்சல்தலைக்காரர் மகள். கழற்றி ஒட்டிய தாள் தடம் விடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கதவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடம் இருந்தது. ஆல்பத்தையும் திறந்து பார்த்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அதே தடம்.

என்னைப் பார்க்க வந்தாள். "அவரு உங்களத் தவிர யாரையும் நம்பலியே அங்கிள்" என்றாள். கத்தவில்லை. நான் அதற்குத் தலையாட்டினேன், ஏனென்றால் அது உண்மை.

ஆம், ஓரஸ்டைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்கரிக்குப் போயிருந்தால் ஒரே மாதத்தில் அவர் என்னை மறந்திருப்பார். பாவம், அவருக்குத்தான் ஞாபகம் சரியில்லையே.