என் மனைவி வாங்காத கார்டுகள்

ஐயா, என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பத்தையும் நிரப்புவது நான்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்து அளவில் ஒரு சொட்டு பிசக மாட்டாள்; விண்ணப்பம் என்றால் மட்டும் அலுப்பு. "எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க, போதும்" என்பாள். வார்டில் அவளால் போனை எடுக்க முடியாது என்பதால் எல்லா இடத்திலும் என் எண்ணையே எழுதுவேன். பாங்கு அனுப்பும் ரகசிய எண்ணும் எனக்குத்தான் வரும். அவளே சொன்ன ஏற்பாடு அது.

போன வருடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்தாள். முன்பணம் சேர்ந்ததும் அவள் சம்பளத்தின் பேரில் வீட்டுக்கடன். வீடும் அவள் பெயரில். அதில் எனக்கு எந்த அறை என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் இந்த வீடு இருக்கே" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

நான் சத்தம் போடவில்லை. கை ஓங்கும் வழக்கமும் எனக்கு இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவள் முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த மாதங்களில், அவள் பெயரில் மூன்று கிரெடிட் கார்டு வாங்கினேன். அவள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் என் அலமாரியில்தான் இருக்கும். கார்டை ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை. அவள் முதுகுவலிக்கு ஒரு நல்ல மெத்தைகூட வாங்கினேன். "அடேயப்பா, என் ஞாபகமெல்லாம் வருதா உங்களுக்கு?" என்று சிரித்தாள். பாக்கியை மட்டும் கட்டாமல் விட்டேன். பிறகு வீட்டுக்கடன் விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

பாங்கு மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மூணு கார்டுலயும் பாக்கி நிக்குதேம்மா. உங்களுக்கு எந்த பாங்கும் கடன் தராது."

"நான் கார்டே வாங்கலையே சார்."

"இந்த நாற்காலில உக்காந்து எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க."

வெளியே வந்ததும் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

"நீயே வாங்கிட்டு மறந்திருப்ப" என்றேன். "ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து உனக்கு இப்பல்லாம் எதுவும் நினைவுல நிக்கறதில்ல. அந்த மெத்தையை வாங்கினது யாரு? நீதானே?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அதன் பிறகு சில சின்னக் காரியங்கள் செய்ய வேண்டியிருந்தது. அவள் சாவியை இடம் மாற்றி வைத்தேன். அவள் அணைத்த அடுப்பைப் பற்றவைத்து, கூப்பிட்டுக் காட்டினேன். திட்டவே இல்லை. "விடும்மா, நான் இருக்கேன்ல" என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் வார்டில், ஊசி போட்டோமா இல்லையா என்று தெரியவில்லை என நோயாளியின் கட்டிலருகே நின்று அழுதாளாம். சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனாலும் பிறத்தியார் உயிரோடு விளையாடக் கூடாது என்று வேலையை விட்டுவிட்டாள். ராஜினாமா கடிதம் நான் எழுதியதுதான்.

பாக்கிக்காக பாங்கு துருவியதில் என் எண் அகப்பட்டு, அவர்கள் போலீசில் புகார் கொடுத்து, நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆமாம், மூன்று கார்டையும் வாங்கியவன் நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இன்று காலை, "நான் சாப்பிட்டேனாங்க?" என்று கேட்டாள். ஆச்சே என்றேன். எழுந்துபோய் வெறும் கையைக் கழுவிக்கொண்டாள்.

இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை, ஐயா.