ஒற்றை மணி

இளநீர் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். நிரம்பிய காய் சத்தம் போடாது. ஆடுவதற்கு உள்ளே இடம் இருந்தால்தானே சத்தம்? கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் வாசலில் இளநீர் விற்கும் முனிரத்தினத்துக்கே இதை நான்தான் விளக்கினேன். "இன்னாண்ணா, காய் வாங்கறீங்களா, காய்க்கு வைத்தியம் பாக்கறீங்களா?" என்று சிரிப்பான். அவன் உங்களிடம் சொன்ன கணக்கு சரிதான் சார். ஞாயிறு மூன்று, திங்கள் நான்கு. ஏழையும் நான் ஆட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நான் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறேன். அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர்; ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. கேஜுக்குள் நின்று ஓட்டுவதில்லை அது. கூண்டு இறங்கும் குழியான ஷாஃப்ட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய கூடம். அதில் வீடு அளவுக்கு ஒரு உருளை. உருளையில் இரண்டு இரும்புக் கயிறுகள். ஒன்று சுற்றும்போது மற்றது அவிழும். ஒரு கேஜ் இறங்க, இன்னொன்று ஏறும். பத்து வயதில் நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அங்கிருந்து அப்பா கண்ணுக்குக் கேஜ் தெரியாது, உள்ளே நிற்கும் ஆட்கள் தெரியாது. மணிச் சத்தம் மட்டும்தான். மூன்று அடி அடித்தால் உள்ளே இருப்பது கல் இல்லை, மனிதர்கள். அதன்பின் இரண்டு அடி, இறக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு அடி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது.

"மணிய மாத்தி அடிச்சா அடிச்சவன் பொறுப்புடா இன்பராஜ்" என்பார் அப்பா. "மணி சரியா கேட்டும் நான் மாத்தி ஓட்டனா, அது என் பொறுப்பு."

ஜோஸ் என் தம்பி, ஆறு வயது இளையவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இரண்டு கிட்னியும் போயின. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்கியவன் நான். அவன் மனைவி ரெபேக்காவுக்காகச் சமையலறைச் சுவரில் ஒரு சார்ட் எழுதி ஒட்டினேன். பச்சையில் சாப்பிடக் கூடியவை, சிவப்பில் கூடாதவை. சிவப்பில் முதல் வரி இளநீர். அதில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பை நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும். கிட்னி இல்லாதவனுக்கு அது ரத்தத்திலேயே தங்கி, இதயத்தின் தாளத்தைக் கெடுக்கும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் அந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும் என்று அடிக்கோடு போட்டேன். ரெபேக்கா அதை மனப்பாடமாகவே சொல்வாள்.

பிறகு கிட்னி கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. ரெபேக்காவின் ரத்த வகை சேரவில்லை. நான் மட்டும் மிச்சம். பெங்களூர் ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். கடைசியாக டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நல்லா பொருந்துது. ஆனா உங்களுக்கு மனசு இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். இல்லன்னா இங்கயே சொல்லிடுங்க. வீட்டுக்கு 'பொருந்தவில்லை'ன்னு மட்டும்தான் போகும். காரணத்தை நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்."

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். யாரும் யாரையும் வற்புறுத்த முடியாதபடி, யாரும் யாரையும் வெறுக்க முடியாதபடி யாரோ யோசித்து அமைத்திருக்கிறார்கள். லிஃப்ட்டில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்றே போதும்; இருந்தாலும் இரண்டு வைப்போம். அதில் ஒன்றைக் கழற்றிப் பக்கத்து லிஃப்ட்டில் மாட்ட எந்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போட மாட்டான். மனசு இல்லை என்று சொன்னேன். செத்த பிறகு கண், இதயம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே கீழ்த்தளத்தில் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டேன். என் பர்ஸில் இருக்கிறது, பாருங்கள். நான் கொடுக்க மனமில்லாதவன் இல்லை.

வீட்டில் எனக்காகவும் அழுதார்கள். மாதா கோயிலில் சாமியார் பூசையில் என் பேரையும் சேர்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் நடுத்துண்டை ரெபேக்கா எனக்கு வைப்பாள். ஜோஸ் என் தோளைத் தட்டி, "விடுண்ணா, நீ வந்து நின்னதே போதும்" என்றான். ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. அந்த நாட்களில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன். அவனை டயாலிசிஸுக்கு எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று யாரையும் கேளுங்கள்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஜோஸுக்கே போன் செய்துவிட்டாள். உங்கள் அண்ணனுடைய டெஸ்ட் பழசாகிவிட்டது, மனசு மாறியிருந்தால் திரும்ப வரச் சொல்லுங்கள் என்று. ஏற்பாடு நல்லதுதான், ஆள்தான் தப்பு. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஜோஸ் சொன்னான்.

"பயந்துட்டியாண்ணா?"

நான் ஆட்டோக்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

"இருவது மாடி லிஃப்ட் மேல ஏறி நிக்கிற ஆளு நீ. கத்திக்கா பயம்?" என்று சிரித்தான். கோபம் துளியும் இல்லை. "ரெபேக்காவுக்குச் சொல்லல. அம்மாவுக்கும் சொல்லல. யாருக்கும் தெரிய வேணாம். புதன்கிழமை பெங்களூர் போவலாம். டாக்டர் ரூமுக்குள்ள நானும் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். தைரியமா இருக்கும்ல?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த அறைக்குள் தனியாக இருந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் என்ன சொல்ல முடியும்? கொடுப்பேன் என்றால் என் உடம்பு போகும். மாட்டேன் என்றால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு அம்மா முகம், ரெபேக்கா முகம். புதன்கிழமை வராமல் இருந்தால் நல்லது என்று அன்று ராத்திரி நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் ரெபேக்காவும் கோயிலுக்குப் போனார்கள். நல்ல வெயில். ஜோஸுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருப்பாள் ரெபேக்கா. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "எளநி குடிச்சி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா" என்றான். கேட்டது அவன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்து டம்ளரில் ஊற்றினேன். அவன் சமையலறைச் சுவரை முகவாயால் காட்டினான். "சார்ட்டு?"

"சார்ட் எழுதனவனே சொல்றேன், குடி" என்றேன். "ஆபரேஷனுக்கு முன்னால உடம்புல தெம்பு வேணுமாம். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ரெபேக்காகிட்ட சொல்லாத, பதறுவா."

"அப்ப நீ வர்றியா, புதன்கிழமை?"

"வரேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. "டாக்டர் இன்பராஜ் சொன்னா சரிதான்" என்று குடித்தான். ருசித்து, கண்ணை மூடிக் குடித்தான். ஒருவனுக்குக் கடைசியாக அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

திங்கள்கிழமை நான் லீவு போட்டேன். ரெபேக்கா வேலைக்குப் போனாள். அம்மா மத்தியானத்துக்கு மேல் ஒரு துக்கத்துக்காக ஊரிகம் போனாள். மட்டைகளை ஒரு சாக்கில் கட்டி, தெருமுனைக் குப்பையில் போட்டது நான்தான். முனிரத்தினம் ஜோஸின் அடக்கத்துக்கு வந்து, அவனுக்கு இளநீர் ரொம்பப் பிடிக்கும் போல, அண்ணன் ரெண்டு நாளும் வாங்கினு போனாரே என்று ரெபேக்காவிடமே அழுதிருக்காவிட்டால் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்த சார்ட்டைக் கிழிக்காமல் மெதுவாக உரித்தெடுத்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். அது என் கையெழுத்துதான்.

இதை நான் அப்பாவின் முறைப்படிதான் பார்க்கிறேன் சார். ஜோஸ் கேட்டான், நான் கொடுத்தேன். மணி அடித்தவன் அவன். ஓட்டுபவன் மணியை மீறக்கூடாது.

திங்கள் சாயங்காலம் மூன்றாவது காய் முடிந்தபோது, கால் கனக்குது, வாயெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்குது என்றான். நான்காவதை வெட்டி ஊற்றினேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். "போதும்ணா" என்றான்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னான். தெளிவாகவே கேட்டது. நான் அவன் கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கி, மீதியையும் குடிக்க வைத்தேன்.