பகலவன் கட்டிய காப்புக் கயிறு

உங்கள் ஜீப் காலையில் மக்கர் பண்ணுவதற்குப் பேட்டரி காரணமில்லை, ஐயா. ஸ்டேஷனுக்குள்ளே உட்கார்ந்துகொண்டே சத்தத்தைக் கேட்டேன். எங்கேயோ ஒரு வயர் லூசாக இருக்கிறது. சொன்னால் பார்த்துத் தருகிறேன். கள்ளக்குறிச்சியில் என் கை பட்டுக் கிளம்பாத வண்டி இல்லை என்று எனக்கொரு பேர் உண்டு.

அந்தப் பேரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் அப்பா கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். எனக்குப் பகலவன் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. காயிலில் பொறி வந்தால் வண்டி ஓடும், வராவிட்டால் ஓடாது.

வருஷா வருஷம் காணும் பொங்கலன்று கல்வராயன் மலையடிவாரத்து அணையில் மோட்டார் படகுப் போட்டி நடக்கிறது. உங்களுக்கே தெரியும், பந்தோபஸ்துக்கு வந்து முன்வரிசையில் சுண்டல் தின்றீர்கள். என் தங்கை நிர்மலாவின் புருஷன் வீரமுத்துவுக்கு அந்தப் போட்டி என்றால் பைத்தியம். கடலூர் துறைமுகத்தில் உப்புக்காற்றில் செத்துக் கிடந்த படகு மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பொறியே வரவில்லை. ஒரு பழைய பைக்கின் காயிலையும் மேக்னட்டையும் கழற்றி, தண்ணீர் படாமல் டிபன் பாக்ஸில் அடக்கி, பொறி கொடுக்க நானே ஒரு இக்னீஷியன் செய்து பொருத்தினேன். முதல் இழுப்பிலேயே உறுமியது. பெற்ற பிள்ளை அப்பா என்று கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு அப்படி இனித்திருக்காது.

அதில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை ஓட்டுகிறவன் கையில், மறுமுனை மோட்டாரின் சுவிட்சில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், பொறி அடங்கும், என்ஜின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

போன வருஷம் வீரமுத்து முதலில் வந்துகொண்டிருந்தான். கரையில் கூட்டத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைத் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, துண்டை எடுத்துச் சுழற்றினான். கயிறு பிடுங்கிக்கொண்டது. படகு நடு அணையில் அம்மியாட்டம் உட்கார்ந்துவிட்டது. துண்டைச் சுழற்றியவன் அவன், ஊர் சிரித்தது என்னைப் பார்த்து. டீக்கடைக்குப் போனால், "இன்னா பகலவா, உன் மோட்டாரு பாதியில படுத்துக்கிச்சாமே" என்பார்கள். வருஷம் முழுக்க இதே பேச்சு.

அதனால் இந்த வருஷம், கயிறு பிடுங்கினாலும் என்ஜின் நிற்காதபடி, அந்தச் சுவிட்சின் வயரை நான் இணைக்கவில்லை. கயிற்றை மட்டும் பார்வைக்கு விட்டுவைத்தேன். கரைக்கு வந்ததும் பெட்ரோலை மூடி நிறுத்திக்கொள் என்று வீரமுத்துவிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மச்சான் சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளை.

போட்டிக்கு முன்னால் நிர்மலா வந்தாள். பூசாரி மந்திரித்துக் கொடுத்த மஞ்சள் காப்பைப் புருஷன் கையில் கட்டினாள். பிறகு சிவப்புக் கயிற்றையும் தொட்டுப் பார்த்தாள்.

"இது நல்லா வேலை செய்யுமில்லண்ணா? அவருக்கு நீச்சல் சரியா வராது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. தைரியமா போகச் சொல்லு" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசித் திருப்பத்தில் பக்கத்துப் படகின் அலை தூக்கிப் போட்டது. வீரமுத்து விழுந்தான். ஆளில்லாத படகு அவனைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்தது. காப்பாற்றப் போன படகுகள் கிட்டே நெருங்க முடியாமல் தள்ளியே நின்றன. அவன் கை மேலே வந்தது, சிவப்பும் மஞ்சளும் தெரிந்தன. அடுத்த சுற்றில் படகு அவன்மேலேயே போயிற்று. அதற்குப் பிறகும் பெட்ரோல் தீரும்வரை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

விபத்து என்றே முடித்துவிடலாம் என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் உள்ளூர் மெக்கானிக் செய்த இக்னீஷியனில் கோளாறு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானாக வந்தேன். கோளாறு எதுவும் கிடையாது. நான் தெரிந்தேதான் அந்த வயரை இணைக்காமல் விட்டேன்.

அன்று கரையில் நிர்மலா மண்ணில் விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "இன்னாய்யா இது, மோட்டாரு நிக்கவே மாட்டேங்குதே" என்றார். ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே, ஐயா, காத்திருந்தேன்.